அடுத்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஒரே காரைப் பற்றியவை. சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் அடுத்த மாடல் எப்போது வரும், எந்த இன்ஜினோடு வரும், இந்த முறையாவது நம் ஊருக்கு வருமா என்று பலரும் பலவிதமாகக் கேட்டிருக்கிறார்கள். 2017 முதல் ஜப்பானில் விற்ற ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் வழக்கமான தயாரிப்பு 2025 பிப்ரவரியோடு முடிந்தது. அதற்குப் பின் ‘ஃபைனல் எடிஷன்’ என்ற பெயரில் நவம்பர் வரை ஒரு விடைபெறும் பதிப்பு மட்டும் தயாரானது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்துதான் ஊகங்களும் பெருகிவிட்டன. ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இம்முறை இந்த ஒரு காரைப் பற்றி மட்டும் பேசிவிடலாம்.

ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் அடுத்த மாடல் உறுதியாக வருகிறதா? ‘இன்னும் மூன்று மாதம்’ என்று இரண்டு வருடங்களாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்களே!
– கோவை வாசகர்

சுஸுகி இதுவரை முறையான அறிவிப்பு எதையும் வெளியிடவில்லை. நம் கையில் இருப்பது சில தடயங்கள் மட்டுமே. 2024 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலோன் கார் கண்காட்சியில் ‘ஸ்விஃப்ட் கூல் யெல்லோ ரெவ்’ என்ற பெயரில் மஞ்சள் நிற ஸ்விஃப்ட் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். ஸ்போர்ட் என்றாலே மஞ்சள் நினைவுக்கு வரும் என்பதால், அதைப் பார்த்த பலர் புதிய ஸ்போர்ட்டின் முன்னோட்டம் என்றே எழுதிவிட்டார்கள். உண்மையில் அது பெயின்ட்டும் ஸ்டிக்கரும் மாறிய சாதாரண ஸ்விஃப்ட். பானெட்டுக்குள் புதிதாக எதையும் அவர்கள் காட்டவில்லை.

அதைவிடப் பயனுள்ள தடயம் காலண்டரில் இருக்கிறது. ஜப்பானில் சாதாரண ஸ்விஃப்ட் 2004 நவம்பரில் வந்தபோது ஸ்போர்ட் 2005 செப்டம்பரில் வந்தது. 2010 செப்டம்பர் ஸ்விஃப்டுக்கு ஸ்போர்ட் 2011 டிசம்பரில் வந்தது. 2017 ஜனவரி ஸ்விஃப்டுக்கு அதே ஆண்டு செப்டம்பரில் வந்துவிட்டது. அதாவது, சாதாரண மாடல் வெளியாகி எட்டு முதல் பதினைந்து மாதத்துக்குள் ஸ்போர்ட் தயாராகிவிடுவது வழக்கம். இப்போதைய ஸ்விஃப்ட் 2023 டிசம்பரில் வந்தது. பழைய கணக்குப்படி 2025 மார்ச்சுக்குள் புதிய ஸ்போர்ட் வந்திருக்க வேண்டும். அதே மார்ச்சில் வந்தது பழைய காரின் ஃபைனல் எடிஷன்தான்.

இதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். ஸ்போர்ட் என்ற வரிசையையே மூடிவிட்டார்கள் என்பது ஒன்று. இன்ஜின் பற்றிய முடிவு எட்டப்படாததால் தாமதம் என்பது மற்றொன்று. நான் இரண்டாவதை நம்புகிறேன். இருபது ஆண்டுகளாகப் பெயர் சேர்த்த ஒரு காரை, பெரிய வசதிகளோ உயர்ந்த விலையோ இல்லாமல் இளைஞர்களைத் தன் பக்கம் ஈர்த்த ஒரே மாடலை, ஒரு நிறுவனம் அவ்வளவு எளிதில் கைவிடாது. ஆனால் ‘மூன்று மாதம்’, ‘ஆறு மாதம்’ என்று தேதி சொல்பவர்களிடம் அதற்கான ஆதாரம் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

புதிய ஸ்போர்ட்டில் 150 பிஎஸ் (குதிரைத்திறன்) என்கிறார் ஒருவர், 200 பிஎஸ் என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?
– சேலம் வாசகர்

இன்ஜினைப் பார்ப்பதற்கு முன் எடையைப் பார்த்துவிடுவோம். ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் கதையே அதுதான். 2017 மாடலின் மேனுவல் காரின் எடை 970 கிலோ. புகையின் விசையால் கூடுதல் காற்றை உள்ளே அழுத்தும் டர்போ கொண்ட 1.4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 140 பிஎஸ் பவரையும் 230 நியூட்டன் மீட்டர் டார்க்கையும், அதாவது சுழற்றும் விசையையும், தந்தது. ஒரு டன்னுக்குக் கணக்கிட்டால் சுமார் 144 பிஎஸ். காகிதத்தில் இது பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் அந்த 230 நியூட்டன் மீட்டரும் 2,500 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு இன்ஜின் சுழலும் எண்ணிக்கை) கிடைத்துவிடுவதால், ஆயிரம் கிலோவுக்கும் குறைவான உடம்பை அது இழுக்கும் விதம் வேறு.

2019இல் சிங்கப்பூரில் ஒரு நண்பரின் ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில் பயணி இருக்கையில் அமர்ந்து சுற்றும் வாய்ப்புக் கிடைத்தது. கதவைச் சாத்தியபோது எழுந்த மெல்லிய தகட்டு ஓசையைக் கேட்டு முதலில் சற்று ஏமாந்துதான் போனேன். அவர் குடியிருந்த அடுக்குமாடியின் கார் நிறுத்தத்துக்கு ஏறும் பாதை சங்கு போல வளைந்து வளைந்து போகும். ஆறு மாடியையும் இரண்டாவது கியரிலேயே ஏறினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் காரின் மூக்கு நினைத்த இடத்துக்கு உடனே திரும்பியது, உடம்பு சாயவில்லை, டயர் முனகவில்லை. ஜப்பானின் சாதாரண ஸ்விஃப்டைவிட 40 மில்லிமீட்டர் அகலமான உடம்பு, 17 அங்குலச் சக்கரம், மன்ரோ ஷாக் அப்சார்பர் ஆகியவை சேர்ந்து செய்த வேலை அது. அன்றைக்கு நான் பவரைப் பற்றி ஒரு முறைகூட நினைக்கவில்லை.

இப்போது ஊகங்களுக்கு வருவோம். 2020இல் ஐரோப்பாவின் கார்பன் உமிழ்வு வரம்புக்காக அதே 1.4 இன்ஜினை மாற்றி, 48 வோல்ட் மைல்ட் ஹைப்ரிட் அமைப்பைச் சேர்த்தார்கள். பெல்ட்டால் இணைந்த ஒரு சிறிய மோட்டார், டர்போ விழித்துக்கொள்ளும் வரை இன்ஜினுக்குத் தோள் கொடுக்கும். டார்க் 235 ஆக உயர்ந்தது. ஆனால் பவர் 129 பிஎஸ்ஸாகக் குறைந்தது, எடை சுமார் 50 கிலோ கூடியது, நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் நேரம் 8.1 விநாடியிலிருந்து 9.1 விநாடியாக நீண்டது. ஜப்பானுக்கு அந்த இன்ஜின் போகவே இல்லை. அங்கே கடைசி வரை பழைய 140 பிஎஸ் இன்ஜின்தான் விற்றது.

இந்தப் பின்னணியில் பார்த்தால், ‘1.4 டர்போவும் 48 வோல்ட்டும் சேர்ந்து 150 பிஎஸ்ஸுக்கு அருகில்’ என்ற பேச்சில் நியாயம் இருக்கிறது. பாகங்கள் எல்லாம் ஏற்கெனவே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. சுஸுகி தன் பணத்தை எண்ணிச் செலவு செய்யும் நிறுவனம். கையிலிருக்கும் இன்ஜினைத் திருத்துவதுதான் அதன் வழக்கம்.

200 பிஎஸ்ஸை நான் நம்பவில்லை. அந்தப் பவரைத் தாங்க வலுவான கியர்பாக்ஸ், பெரிய கிளட்ச், பெரிய பிரேக், அகலமான டயர் என்று எல்லாமே வேண்டும். ஒவ்வொன்றும் எடையைக் கூட்டும், விலையையும் கூட்டும். அந்தப் பாதையில் போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு டொயோட்டா ஜிஆர் யாரிஸ் சாட்சி. 272 பிஎஸ் பவர், நான்கு சக்கர இயக்கம், சுமார் 1,280 கிலோ எடை. அருமையான கார். ஆனால் 2020இல் ஜப்பானில் அதன் முக்கிய மாடலின் விலை 39.6 லட்சம் யென். ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 2017இல் 18.36 லட்சம் யென்னுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே ஒருவர் வாங்கக்கூடிய வேகமான கார் என்பதுதான் ஸ்போர்ட்டின் அடையாளம். அதை விட்டுக்கொடுத்துவிட்டுப் பவரை வாங்குவதில் பயனில்லை.

இன்னொரு சிறு செய்தி. ஜப்பானில் வாகன எடை வரி 500 கிலோவுக்கு ஒரு படியாக ஏறும். 1,000 கிலோவுக்குள் இருந்தால் ஒரு படி, தாண்டினால் அடுத்த படி. 970 கிலோ என்ற எண்ணுக்கு அந்த நாட்டில் இருக்கும் மதிப்பு இதிலிருந்தே விளங்கும். 48 வோல்ட் பேட்டரியைச் சேர்த்த பின்பும் அந்தக் கோட்டுக்குள் நிற்க முடியுமா என்பதுதான் பொறியாளர்களுக்கு முன் இருக்கும் கடினமான கணக்கு என்று நினைக்கிறேன். பவர் எத்தனை என்று கேட்பவர்கள், எடை எத்தனை என்று முதலில் கேட்கப் பழகினால் ஊகங்களில் பாதி தானாக உதிர்ந்துவிடும்.

உலகிலேயே அதிகம் ஸ்விஃப்ட் ஓடும் நாடு நம்முடையது. ஆனாலும் ஸ்போர்ட்டை ஒரு முறைகூட நமக்குத் தரவில்லையே, ஏன்? நேரடியாக இறக்குமதி செய்தால் என்ன?
– திருப்பூர் வாசகர்

உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. 2005 மே மாதம் இங்கே அறிமுகமான ஸ்விஃப்ட், 2024இன் நடுப்பகுதிக்குள் 30 லட்சத்தைத் தொட்டுவிட்டது. அப்படிப்பட்ட சந்தையில் ஸ்போர்ட் ஏன் இல்லை என்பதற்கு, ‘நம்மவர்கள் மைலேஜ்தான் கேட்பார்கள்’ என்ற வழக்கமான பதில் போதாது. காரணம் வரிச் சட்டத்தில் இருக்கிறது.

2006 மத்திய பட்ஜெட்டில் ‘சிறிய கார்’ என்பதற்கு ஒரு வரையறை வந்தது. நீளம் நான்கு மீட்டருக்குள் இருக்க வேண்டும், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள் இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் வரி குறைவு. ஜிஎஸ்டி வந்த பிறகும் அந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், வெளியே இருப்பதற்கு 40 சதவீதம். ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் நீளம் 3,890 மில்லிமீட்டர், அதாவது நீளத் தேர்வில் எளிதில் தேறிவிடும். இன்ஜின் 1,373 சிசி. அந்த 173 சிசியில் தோற்றுவிடும்.

தொழிற்சாலை வாசலில் 8 லட்சம் ரூபாய்க்கு அடக்கமாகும் ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். 18 சதவீதம் என்றால் 9.44 லட்சம், 40 சதவீதம் என்றால் 11.20 லட்சம். வாங்குபவருக்கு எந்தப் பயனும் தராத 1.76 லட்சம் இடையில் போய்விடுகிறது. இந்தக் கோட்டின் வலிமை தெரிய வேண்டுமானால் நம் ஸ்விஃப்டையே பாருங்கள். 2005இல் 1.3 லிட்டர் பெட்ரோலோடு வந்த கார், 2010இல் 1.2 லிட்டருக்கு மாறியது. ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 2013இல் 1,197 சிசி டர்போவோடு வந்ததும் தற்செயல் அல்ல. கோட்டைத் தாண்டிய துணிச்சல்காரர் ஃபியட். 2015இல் 1.4 லிட்டர் டர்போவில் 145 பிஎஸ் அபார்த் புன்டோவை 9.95 லட்சத்துக்குத் தந்தார்கள். இன்றும் அதை வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் அந்த வழியில் பின்தொடர்ந்து வர யாரும் இல்லை.

இறக்குமதி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஜப்பான், ஐரோப்பியத் தரச் சான்று பெற்ற வலப்பக்க ஸ்டீயரிங் கார்களை, ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,500 வரை இங்கே மறுபடி சோதனைக்கு உட்படுத்தாமலே கொண்டுவரலாம். ஆகவே சட்டம் தடுக்கவில்லை. பர்ஸ்தான் தடுக்கும். ஃபைனல் எடிஷனின் விலை ஜப்பானில் சுமார் 23.3 லட்சம் யென். அதில் அந்நாட்டு நுகர்வு வரி பத்து சதவீதத்தைக் கழித்து, ஒரு யென்னை 58 காசு என்று வைத்தால், சுமார் 12.3 லட்சம் ரூபாய் ஆகிறது. கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்து 13 லட்சம் என்று கொள்வோம். அதன்மேல் 70 சதவீத இறக்குமதி வரி சேர்ந்தால் 22.1 லட்சம், அதன்மேல் 40 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் ஏறக்குறைய 31 லட்சம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 சதவீதம். ஆக, விற்பனையாளரின் லாபம் சேர்க்காமலே 37 லட்சம் ரூபாய். ஜப்பானில் ஓர் இளைஞரின் முதல் கார், இங்கே வந்து இறங்கும்போது சொகுசு காரின் விலையில் நிற்கும்.

அப்படியானால் இந்தியாவுக்கென்று தனியாக ஒரு வேகமான ஸ்விஃப்டைச் செய்ய வழியே இல்லையா?
– மதுரை வாசகர்

வழி இருக்கிறது. அந்த வழியில் மாருதி ஒரு முறை நடந்தும் பார்த்திருக்கிறது. 2017 மார்ச்சில் வந்த பலேனோ ஆர்எஸ் உங்களுக்கு நினைவிருக்கலாம். 998 சிசி பூஸ்டர்ஜெட் டர்போ, 102 பிஎஸ், 150 நியூட்டன் மீட்டர், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், டெல்லி ஷோரூம் விலை 8.69 லட்சம். இன்ஜின் 1,200 சிசிக்குள் இருந்ததால் வரிக்கோட்டுக்கு உள்ளேயே நின்றது.

2018இல் ஒரு நண்பரின் பலேனோ ஆர்எஸ்ஸை ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஓட்டிச் சென்றேன். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். நாங்கள் நான்கு பேர், பின்னால் இரண்டு பெட்டிகள். சாதாரண 1.2 இன்ஜினாக இருந்திருந்தால் ஒவ்வொரு வளைவுக்கும் முதல் கியரைத் தேட வேண்டியிருந்திருக்கும். ஆர்எஸ் இரண்டாவது கியரிலேயே வளைந்து, ஆர்பிஎம் முள் இரண்டாயிரத்தைத் தாண்டியதும் முதுகை இருக்கையோடு மெல்ல அழுத்தி ஏறியது. இறங்கும்போது ஒன்பதாவது வளைவில் காட்டுமாடு ஒன்று சாலையின் நடுவில் நின்றது. அதற்குள் முப்பத்தொரு வளைவுகளுக்குப் பிரேக் பிடித்து இறங்கியிருந்தும், பெடல் முதல் வளைவில் இருந்த அதே உறுதியோடு நின்றது. பின் சக்கர டிஸ்க்கின் அருமை எனக்கு அன்று தெரிந்தது.

இருந்தும் அந்தக் கார் விற்கவில்லை. 2019 செப்டம்பரில் விலையை ஒரு லட்சம் ரூபாய் குறைத்தும் பயனில்லை. பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதிமுறை வரும் தறுவாயில், 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். பார்வைக்கு அது சாதாரண பலேனோவிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை என்பது ஒரு காரணம். சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் பவர் அளவுக்கு மாறவில்லை என்பதை அதைவிடப் பெரிய காரணமாக நான் நினைக்கிறேன். டர்போவை வைத்துவிட்டால் ஸ்போர்ட் ஆகிவிடாது.

இதற்கு நேர்மாறான பாடம் நம் கோவையில் இருக்கிறது. ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் கூட்டாக 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபியைக் கொண்டுவந்தன. 1.2 லிட்டர் டர்போ, 114 பிஎஸ், விலை 6.39 லட்சம். காரின் உயரத்தைச் சற்றே தாழ்த்தி, சஸ்பென்ஷனை இறுக்கி, டயரை அகலமாக்கி, உட்காரும் இடத்திலிருந்து சைலன்சர் சத்தம் வரை ஒவ்வொன்றையும் தொட்டிருந்தார்கள். பந்தயத்தில் ஊறிய ஊர்க்காரர்கள் செய்த வேலை என்பது முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிடும். அதுவும் 2020க்குப் பின் தொடரவில்லை என்பது நம் துரதிர்ஷ்டம்.

இப்போதைய ஸ்விஃப்டுக்கு வருகிறேன். 2024 மே மாதம் வந்த இந்தக் காரில் மூன்று சிலிண்டர் 1.2 இன்ஜின், 82 பிஎஸ். முந்தைய நான்கு சிலிண்டர் இன்ஜினின் 90 பிஎஸ்ஸிலிருந்து குறைந்திருக்கிறது. மேனுவலில் லிட்டருக்கு 24.8 கிலோமீட்டர் என்ற எண் அதற்கு ஈடாகக் கிடைத்தது. ஆனால் உடம்பு இன்றும் 920 கிலோ அளவில்தான் இருக்கிறது. அதே மாருதியின் ஃபிரான்க்ஸில் 100 பிஎஸ், 148 நியூட்டன் மீட்டர் தரும் 1.0 பூஸ்டர்ஜெட் இன்றைய விதிமுறைகளுக்கு உட்பட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இன்ஜினை இந்த உடம்பில் வைத்து, பின்னால் டிஸ்க் பிரேக்கும் இறுக்கமான சஸ்பென்ஷனும் நல்ல டயரும் கொடுத்தால், 18 சதவீத வரிக்குள்ளேயே ஒரு கார் தயார். முந்தைய தலைமுறையில் சுஸுகி ஜப்பானிலேயே இதைச் செய்திருக்கிறது. 1.0 டர்போ வைத்த ‘ஆர்எஸ்டி’ என்ற ஸ்விஃப்டை 2017 முதல் சில ஆண்டுகள் அங்கே விற்றார்கள். ஆகவே இதை நான் கனவென்று சொல்ல மாட்டேன். உண்மையான ஸ்போர்ட்டுக்காக ஏங்குவதைவிட, இப்படியொரு ஸ்விஃப்ட் ஆர்எஸ்ஸைத் தரும்படி மாருதியிடம் நாம் உரக்கக் கேட்பது பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் ஊர் ஷோரூம் ஒன்றில், ‘ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இரண்டு மாதத்தில் வருகிறது, 25,000 ரூபாய் கட்டி இடம் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்றார்கள். கட்டிவிட்டேன். தவறு செய்துவிட்டேனா ஐயா?
– ஈரோடு வாசகர்

பணத்தைத் திரும்பக் கேளுங்கள், இந்த வாரமே. தயாரிப்பாளர் அறிவிக்காத காருக்கு முன்பதிவு வாங்க எந்த விற்பனையாளருக்கும் உரிமை கிடையாது. உங்கள் ரசீதில் எந்த மாடலின் பெயர் எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் சாதாரண ஸ்விஃப்டின் பெயர்தான் இருக்கும். ‘அறிவிக்கப்படாத மாடலுக்காகக் கட்டிய தொகையைத் திருப்பித் தரவும்’ என்று எழுத்தில் கொடுத்து, நகலில் ஷோரூம் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும், அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் போகலாம்.

சோதனை ஓட்டத்தில் சிக்கிய படங்கள் என்று அடிக்கடி வருகின்றன. உண்மையான ஸ்போர்ட்டா, சாதாரணக் காரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– நாகர்கோவில் வாசகர்

முதலில், அது படமா, கணினியில் வரைந்ததா என்று பாருங்கள். சக்கரத்தின் நிழலும் சாலையின் நிழலும் ஒரே திசையில் விழாவிட்டால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம். உண்மைப் படம் என்று உறுதியானால், பம்பரை விட்டுவிட்டுச் சக்கரத்தைப் பாருங்கள். பம்பரையும் ஸ்பாய்லரையும் யார் வேண்டுமானாலும் மாட்டலாம். பின் சக்கர ஆரங்களுக்கு இடையில் டிரம் தெரிகிறதா, டிஸ்க் தெரிகிறதா என்பதை மறைப்பது கடினம். அடுத்து, டயருக்கும் சக்கர வளைவுக்கும் இடையே உள்ள இடைவெளி. ஸ்போர்ட் என்றால் விரல்கள் நுழையும் அளவே இருக்கும். சக்கர வளைவுகளின்மேல் துணி ஒட்டி மறைத்திருந்தால் அங்கே அகலம் கூடியிருக்கலாம், 2017 மாடலில் அகலம் கூடியதும் அங்கேதான். இரட்டை சைலன்சர் குழாய் நல்ல அறிகுறி, ஆனால் அது மட்டுமே போதாது. முன் பம்பரின் கீழ்த்திறப்பு வழியே, டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் அலுமினியத் தகடுகள் மின்னினால், அது டர்போ காரேதான் என்று நம்பலாம்.

புதிய காருக்காகக் காத்திருக்காமல், இருக்கும் டர்போ காரை ரீமேப் செய்து, அதாவது இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றிப் பவரைக் கூட்டிக்கொண்டால் என்ன?
– சென்னை வாசகர்

செய்யலாம் என்று சொல்பவர்கள், அதற்குப் பின் வருவதைச் சொல்வதில்லை. ரீமேப் செய்த அன்றே வாரண்டி போய்விடும். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் விட்டால், விபத்து நேரும்போது இழப்பீடு மறுக்கப்படலாம். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. இவை எல்லாவற்றையும் விட, கூடுதல் பவரைத் தாங்கும்படி அந்தக் காரின் கிளட்ச்சும் பிரேக்கும் வடிவமைக்கப்படவில்லை. ஆசை இருந்தால் முதலில் நல்ல டயரும் பிரேக் பேடும் வாங்குங்கள். ஒரு நாள் ஒதுக்கி, இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்திலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ பயிற்சி எடுங்கள். அதே கார் உங்கள் கையில் வேகமாகும்.

அடுத்த ஸ்போர்ட் மின்சாரக் காராக வருமா?
– தஞ்சாவூர் வாசகர்

இந்தச் சுற்றில் வராது என்று நினைக்கிறேன். சுஸுகியின் முதல் மின்சார எஸ்யுவியான இ விட்டாரா 1,700 கிலோவைத் தாண்டுகிறது. பழைய ஸ்போர்ட்டோடு ஒப்பிட்டால் முக்கால் மடங்கு அதிகம். பேட்டரியின் எடை கணிசமாகக் குறையும் வரை, 970 கிலோவில் பெயர் வாங்கிய ஒரு காரை அந்தப் பாதையில் இழுப்பது அதன் குணத்தை மாற்றிவிடும்.

காத்திருக்கப் பொறுமை இல்லை. 12 லட்சத்துக்குள் மேனுவல் கியரோடு, ஓட்ட மகிழ்ச்சி தரும் கார் எது? பழைய காரும் பரவாயில்லை.
– ஓசூர் வாசகர்

புதிய கார் என்றால் ஹூண்டாய் ஐ20 என் லைனை ஓட்டிப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கார். 998 சிசி டர்போ, 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர். 2021இல் வந்தபோது கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி கியர்பாக்ஸ் மட்டுமே மேனுவலுக்கு ஈடாக இருந்தது. 2023இல் மூன்று பெடலோடு கூடிய முறையான ஆறு கியர் மேனுவலைக் கொடுத்தார்கள். சஸ்பென்ஷன் சாதாரண ஐ20யைவிட இறுக்கம், பின்னால் டிஸ்க் பிரேக். ஐரோப்பாவில் விற்ற 204 பிஎஸ் ஐ20 என் வேறு கார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது அதன் சாயல் கொண்ட தம்பி. ஆனால் கிருஷ்ணகிரி மலைச் சாலைகளில் உங்களுக்கு ஏமாற்றம் தராது.

பழைய கார் என்றால் என் மனம் பலேனோ ஆர்எஸ் பக்கமே சாய்கிறது. விலை இன்று படிந்துவிட்டது, பெரும்பாலான உதிரிபாகங்கள் சாதாரண பலேனோவினுடையவை. வாங்கும் முன் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்று ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நீலப் புகை என்றால் டர்போவின் சீல் வழியே ஆயில் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஆயில் மாற்றிய ரசீதுகளைத் தேதி வாரியாகக் கேளுங்கள். மூன்றாவது கியரில் இரண்டாயிரம் ஆர்பிஎம்மிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துப் பாருங்கள். ஆர்பிஎம் முள் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது, அதற்கான செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். பின் டிஸ்க்கின் விளிம்பில் விரலை ஓட்டி, மேடு தட்டுப்படுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இந்த நான்கிலும் தேறிய கார் கிடைத்தால், மறுநாள் வரை யோசிக்காமல் முன்பணம் கொடுத்துவிடலாம்.